காலனிகள் பேரரசிடமிருந்து எப்படிப் பிரிந்தன? போர்க்களத்தில் மட்டும் பதில் தேடாதீர்கள்

கேள்வி இதுதான்: தன்னைவிடப் பல மடங்கு பணமும் படையும் வைத்திருக்கும் ஒரு பேரரசிடமிருந்து ஒரு காலனி எப்படி விடுபடுகிறது? ஆயுதம் எடுத்ததால் கிடைத்ததா, அகிம்சையால் கிடைத்ததா, இல்லை ஆண்டவர்களே அலுத்துப்போய் மூட்டை கட்டிவிட்டார்களா?

இந்த மூன்றையும் எதிரெதிரே நிறுத்தி வாதாடுவது நம்மிடையே பழகிப்போன விளையாட்டு. எந்தத் தலைவரைப் பிடிக்குமோ அதற்கேற்ற பதிலைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். ஆனால் இருநூறு ஆண்டு வரலாற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மூன்றுக்கும் அடியில் ஒரே கணக்கு ஓடுவது தெரியும். பேரரசு உள்ளூர் ஆட்களைக் கொண்டுதான் ஆள்கிறது. வரி வாங்குபவர், காவலர், குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர், ஊர்த்தலைவர், சிப்பாய் எல்லோருமே பெரும்பாலும் ஆளப்படும் மக்களிலிருந்து வந்தவர்கள். 1930-களில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருந்த இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரிகள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அதிலும் கணிசமானோர் இந்தியர்கள். இந்த உள்ளூர்க் கைகள் வேலையை நிறுத்தினால், தாய்நாட்டிலிருந்து ஆளும் பணமும் இறக்கித்தான் ஆட்சி நடத்த வேண்டும். அந்தச் செலவைத் தாய்நாட்டு வாக்காளரும் சிப்பாயும் எவ்வளவு நாள் தாங்குவார்கள் என்பதுதான் மீதிக் கதை. துப்பாக்கி, உண்ணாவிரதம், கடையடைப்பு, ஐ.நா. தீர்மானம் எல்லாமே இந்த இரண்டு இடங்களில் ஒன்றைத் தாக்கும் கருவிகள்தான்.

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். அங்கேதான் இந்த வரிசை மிகத் தெளிவாகத் தெரிகிறது.

ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டன் ஜெயித்திருந்தது, ஆனால் அதன் கடன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருந்தது. கடனில் ஒரு பங்கை அமெரிக்கக் காலனிகள் சுமக்கட்டும் என்று லண்டன் நினைத்தது. 1765-ல் முத்திரைத் தாள் சட்டம் வந்தது. பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. சரி, அதை யார் விற்பது? ஒவ்வொரு காலனியிலும் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைத்தான் முத்திரை விற்பனையாளராக நியமித்திருந்தார்கள். மக்கள் அவர்களைக் குறிவைத்தார்கள். பாஸ்டனில் ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை மரத்தில் தொங்கவிட்டார்கள், அவருடைய வீட்டுக்குள் புகுந்து நொறுக்கினார்கள், அவர் பதவியை விட்டார். நவம்பர் 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது ஏறத்தாழ எல்லாக் காலனிகளிலும் விற்பனையாளர்கள் ராஜினாமா செய்துவிட்டார்கள். வரி இருந்தது, வாங்க ஆள் இல்லை. மறுவருடமே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

1773-ல் வந்த தேயிலைச் சட்டத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தச் சட்டம் தேயிலை விலையைக் கூட்டவில்லை, குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக விற்கலாம் என்றானதால், கடத்தல் தேயிலையைவிடச் சட்டப்படியான தேயிலை மலிவாகிவிடும் நிலை. ஆனால் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. மலிவு என்று வாங்கிக் குடித்தால், வரி போடும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும். கடத்தல் வியாபாரிகளின் பிழைப்பும் போய்விடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உயர்ந்த கொள்கையும் சொந்த லாபமும் ஒரே கப்பலில் பயணம் செய்வது புரட்சிகளில் சகஜம். டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் விழுந்தது. பதிலுக்கு லண்டன் துறைமுகத்தை மூடியது, மாசசூசெட்ஸின் சாசனத்தையே மாற்றியது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஆனால் பாடப்புத்தகங்களில் அது ஓரமாகத்தான் கிடக்கும். 1774 செப்டம்பர் 6 அன்று மாசசூசெட்ஸின் உஸ்டர் என்ற ஊரில் நீதிமன்றம் கூட வேண்டிய நாள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வந்து, சாலையின் இருபுறமும் ஊர் ஊராக அணிவகுத்து நின்றார்கள். மன்னர் நியமித்த நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவே நடந்தார்கள். சில அடிக்கு ஒருமுறை நின்று, புதிய சட்டங்களின்படி வேலை செய்யமாட்டோம் என்ற அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒருவர் சாகவில்லை. அன்றோடு அந்த வட்டாரத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது. லெக்சிங்டனில் முதல் துப்பாக்கி வெடித்தது இதற்கு ஏழு மாதம் கழித்து, 1775 ஏப்ரல் 19 அன்று. சுதந்திரப் பிரகடனம் அதற்கும் ஒரு வருடத்துக்கு மேல் கழித்து. அதாவது போர் தொடங்கும்போதே கிராமப்புறத்தில் ஆட்சி கைமாறியிருந்தது. பிரிட்டிஷ் தளபதி கேஜின் கையில் மிஞ்சியது பாஸ்டன் நகரம் மட்டும்.

அதே 1774-ல் காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூட்டிய முதல் கண்ட மாநாடு, பிரிட்டிஷ் பொருள்களைப் புறக்கணிக்க முடிவெடுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழுவைத் தேர்ந்தெடுங்கள், மீறுகிறவர் பெயரைப் பத்திரிகையில் போடுங்கள் என்றது. இந்தக் குழுக்கள் மெல்ல மெல்லப் படை திரட்டின, பணம் வசூலித்தன, வழக்கு தீர்த்தன. ஒரு வகையில் பார்த்தால் இவை பக்கத்து வீட்டாரை வேவு பார்த்த குழுக்களும்கூட. மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் பட்ட பாட்டை அமெரிக்கர்கள் அதிகம் பேசுவதில்லை. பல்லாயிரம் பேர் நாட்டை விட்டே போனார்கள்.

போருக்கு வருவோம். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் சரணடைந்தார்கள். பிரெஞ்சுக் கடற்படை கடல்வழியை அடைக்காமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அப்படிச் சரணடைந்த பிறகும் நியூயார்க், சார்ல்ஸ்டன், சவானா மூன்றும் பிரிட்டன் கையில்தான் இருந்தன. படை பலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இன்னும் சில வருடம் இழுத்திருக்கலாம். முடிவு வந்தது லண்டனில்: 1782 பிப்ரவரியில், அமெரிக்காவில் தாக்குதல் போரைத் தொடரக்கூடாது என்று கீழவை வாக்களித்தது, அடுத்த மாதம் பிரதமர் நார்த் விலகினார். தோற்றது படையைவிட, படைக்குப் பணம் ஒதுக்குகிறவர்களின் பொறுமை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் மற்றப் பேரரசுகளின் கதையும் வேறு மாதிரி தெரியும். ஸ்பானிய அமெரிக்காவில் பிளவு தொடங்கியதே ஐரோப்பாவில்தான். 1808-ல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஃபெர்னாண்டோவைச் சிறைவைத்துத் தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் ஏற்றினார். மன்னர் இல்லாதபோது அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி கராகஸிலும் புவெனஸ் ஐரிஸிலும் எழுந்தது. 1810-ல் அங்கே உள்ளூர் ஆட்சிக்குழுக்கள் அமைந்தன. அவை மன்னரின் பெயரால்தான் ஆண்டன! விசுவாசத்தின் பெயரால் தொடங்கி, திரும்பி வந்த மன்னர் பழையபடி ஆளப் படை அனுப்பியதும் பிரிவினையாக முற்றியது. விடுதலைப் படைத் தளபதிகளான பொலிவாரும் சான் மார்ட்டினும் மலை தாண்டிப் போரிட்டது உண்மை, பெரிய சாதனைதான். ஆனால் 1820 ஜனவரி 1 அன்று நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புரட்சியை அடக்க அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த படை, தளபதி ரியேகோ தலைமையில் ஸ்பெயினிலேயே கலகம் செய்தது. அந்தப் படை போகவே இல்லை. 1824 டிசம்பரில் அயகூச்சோவில் பொலிவாரின் தளபதி சூக்ரே வென்ற கடைசிப் பெரும் போருக்குப் பின்னால், வராமல் போன அந்தக் கப்பல்கள் இருக்கின்றன.

ஹைத்தி இதிலிருந்து வேறு. அங்கே நடந்தது ஆளும் வர்க்கத்துக்குள் நடந்த பாகப்பிரிவினை இல்லை. சுமார் ஐந்து லட்சம் அடிமைகள் கரும்பு, காப்பித் தோட்டங்களில் உழைத்த பிரெஞ்சுக் காலனி அது. 1791 ஆகஸ்டில் அவர்கள் தோட்டங்களைக் கொளுத்தினார்கள். பிரெஞ்சு, ஸ்பானிய, பிரிட்டிஷ் படைகள் மூன்றோடும் மோதினார்கள். 1801 கடைசியில் நெப்போலியன் தன் மைத்துனர் லெக்லெர்க்கைப் பெரும் படையோடு அனுப்பினார். மஞ்சள் காய்ச்சல் அந்தப் படையைத் தின்றது, லெக்லெர்க்கையும் சேர்த்து. அடிமை முறை திரும்பி வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், பிரெஞ்சுப் படையோடு சேர்ந்திருந்த கறுப்பினத் தளபதிகளே எதிர்ப்பக்கம் மாறினார்கள். 1804 ஜனவரி 1 அன்று அவர்களில் ஒருவரான டெஸ்ஸலின் சுதந்திரத்தை அறிவித்தார்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், கானா ஆன கதையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. பெரிய போர் இல்லாமல் விடுதலை வந்த நாடு என்பதால், ‘சும்மா கொடுத்துவிட்டார்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அன்று அதன் பெயர் தங்கக் கடற்கரை, மேற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் காலனி. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்ட வீரர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். வாக்களித்த ஓய்வூதியமும் வேலையும் வரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்ற துணிமணி விலை ஏறிக்கொண்டே போனது. 1948 ஜனவரியில் உள்ளூர்த் தலைவர் ஒருவர் அந்தக் கம்பெனிகளைப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். கொக்கோ மரங்களில் நோய் வந்ததால் அரசு மரங்களை வெட்டச் சொன்னது, விவசாயிகள் கொதித்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே விடுதலைக் கோரிக்கை இல்லை. பிப்ரவரி 28 அன்று முன்னாள் வீரர்கள் மனு கொடுக்க ஆளுநர் மாளிகையை நோக்கி நடந்தார்கள். வழியில் தடுத்த போலீஸின் பிரிட்டிஷ் அதிகாரி சுட்டார். அஜெட்டி, அட்டிப்போ, ஒடார்ட்டே லாம்ப்டே என்ற மூன்று முன்னாள் வீரர்கள் செத்தார்கள். அன்று அக்ராவில் ஐரோப்பியக் கடைகள் எரிந்தன.

ஆளுநர் செய்த காரியம் அநேகமாக எல்லா ஆளுநர்களும் செய்தது: சதி என்று முடிவுகட்டி, பின்னாளில் கானாவின் தலைவரான நுக்ருமா உள்பட ஆறு தலைவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார். அதுவரை மூலைக்கு மூலை சிதறிக் கிடந்த குறைகளுக்கு ஆறு முகங்களை அரசே கொடுத்தது. 1949-ல் நுக்ருமா தனிக்கட்சி தொடங்கினார்; ‘உடனே சுயாட்சி’ என்பது முழக்கம். 1950 ஜனவரியில் வேலைநிறுத்தமும் ஒத்துழையாமையும் நடந்தன, மறுபடியும் சிறை. சிறையிலிருந்தே 1951 தேர்தலில் நின்றார். அக்ரா மத்தியத் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு. அவருடைய கட்சி பொதுத் தேர்தல் நடந்த 38 இடங்களில் 34-ஐப் பிடித்தது. சிறையிலிருந்து வந்த தொண்டர்கள் ‘பி.ஜி.’ என்று எழுதிய குல்லாய் போட்டுக்கொண்டு திரிந்தார்கள், சிறைப் பட்டதாரியாம்.

புதிய ஆளுநர் ஆர்டன் கிளார்க் என்ன செய்ய முடியும்? ஜெயித்த கட்சித் தலைவரை உள்ளே வைத்தால் மந்திரி சபை அமைக்க ஆள் இல்லை. கொக்கோ விற்று வரும் டாலர் பிரிட்டனுக்கு அப்போது உயிர்நாடி, அதை அடக்குமுறையால் கெடுத்துக்கொள்ளவும் மனமில்லை. பிப்ரவரி 12-ல் நுக்ருமா விடுதலையானார், மறுநாளே ஆட்சியமைக்க அழைப்பு. 1957 மார்ச் 6-ல் கொடி மாறியது. இதில் ‘கொடுத்தது’ எது, ‘எடுத்தது’ எது என்று பிரிக்கப் பார்த்தால் எனக்கு முடியவில்லை, முடியும் என்றும் தோன்றவில்லை.

இந்தியாவைப் பற்றி எல்லோரும் நிறையப் படித்திருப்பீர்கள், அதனால் ஒரே ஒரு விஷயம். 1930 உப்புச் சத்தியாகிரகம், 1942 ஆகஸ்ட் போராட்டம் இவற்றால் ஆட்சியின் நியாயம் கரைந்தது. ஆனால் ‘இனி எத்தனை நாள்’ என்ற கேள்வி 1945-46 குளிர்காலத்தில்தான் அவசரமானது. செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவருக்கும் ஆயுள் தண்டனை விதித்த அரசு, வெளியே கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்து உடனே தண்டனையைக் கைவிட்டது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில், சாப்பாடு சரியில்லை என்று தொடங்கிய மறியல் சில நாளில் சுமார் 20,000 மாலுமிகளுக்குப் பரவியது. காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும்கூட அவர்களைச் சரணடையத்தான் சொன்னார்கள். ஆனால் சேதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது: சிப்பாயை நம்பி இனி ஆள முடியாது. அகிம்சையா ஆயுதமா என்ற வாதத்தில் இரண்டு பக்கமும் விட்டுவிடுகிற நபர் இந்தச் சீருடைக்காரர்தான்.

அப்படியானால் சில இடங்களில் மட்டும் ஏன் இவ்வளவு ரத்தம்? எனக்குத் தெரிந்தவரை ஒரு காரணம் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது: குடியேறிகள். வெறும் அதிகாரிகளும் வியாபாரிகளும் இருந்த காலனியிலிருந்து பேரரசு கிளம்பலாம். அங்கேயே பிறந்து வளர்ந்து நிலம் வைத்திருக்கும் தாய்நாட்டு வம்சத்தினர் பெரும் எண்ணிக்கையில் இருந்தால், அவர்கள் கிளம்ப விடமாட்டார்கள். தாய்நாட்டு நாடாளுமன்றத்திலும் அவர்களுக்குக் குரல் இருக்கும். கென்யாவில் நடந்தது இதுதான்: நல்ல நிலமெல்லாம் வெள்ளையர் கையில், 1952-ல் அவசர நிலை, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தூக்கில்.

அல்ஜீரியா இதன் உச்சம். சட்டப்படி அது காலனியே இல்லை, பிரான்ஸின் மாவட்டங்கள். சுமார் பத்து லட்சம் ஐரோப்பியர்கள், தொண்ணூறு லட்சம் முஸ்லிம்கள். 1947-ல் ஒரு சட்டமன்றம் கொடுத்தார்கள். 120 இடத்தில் ஐரோப்பியருக்கு 60, மற்றவருக்கு 60. அந்த 60-க்கும் 1948-ல் நடந்த தேர்தலில் அப்பட்டமான தில்லுமுல்லு. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1945 மே 8 அன்று, ஐரோப்பா வெற்றியைக் கொண்டாடிய அதே நாளில், செட்டிஃபில் ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடி தூக்கியதில் தொடங்கிய மோதலில் சுமார் நூறு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். பதிலடியில் அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மிதவாதிகளுக்கு எல்லாக் கதவும் அடைபட்ட பிறகுதான் 1954 நவம்பர் 1-ல் தேசிய விடுதலை முன்னணி துப்பாக்கியைத் தூக்கியது.

கவனிக்க வேண்டியது, ராணுவக் கணக்கில் பிரான்ஸ் தோற்கவில்லை. 1957-ல் தலைநகர் அல்ஜியர்ஸில் முன்னணியின் வலையமைப்பைப் பாராசூட் படை சித்திரவதையால் உடைத்தது. துனிசிய எல்லையில் மின்வேலி போட்டு ஆயுதம் வரும் வழியை அடைத்தது. 1960 வாக்கில் மலைகளில் கெரில்லாக்கள் நைந்துபோயிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு வெற்றியும் வேறொரு இடத்தில் கணக்குத் தீர்த்தது. சித்திரவதையை எதிர்த்துப் பேசிய தளபதி போலார்டியேரை 60 நாள் கோட்டைச் சிறையில் வைத்தார்கள். அது பிரான்ஸ் முழுக்கப் பேச்சானது. முன்னணி கெய்ரோவில் 1958-ல் தற்காலிக அரசு அமைத்து, நாடு நாடாக அங்கீகாரம் தேடியது. 1960 டிசம்பரில் பிரெஞ்சு அதிபர் டி கோல் அல்ஜீரியா வந்தபோது, அடங்கிவிட்டதாக நினைத்த நகரங்களில் கூட்டம் கூட்டமாக மக்கள் பச்சை-வெள்ளைக் கொடியோடு இறங்கினார்கள். ராணுவம் வென்ற ஊரில் மக்கள் அரசின் பக்கம் இல்லை என்பது உலகத்துக்கே வெட்டவெளிச்சமானது.

1961 ஏப்ரலில் நான்கு தளபதிகள் டி கோலுக்கு எதிராகக் கலகம் செய்து அல்ஜியர்ஸைப் பிடித்தார்கள். டி கோல் ராணுவ உடுப்பில் வந்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். முகாம்களில் இருந்த கட்டாயச் சேவை இளைஞர்கள் டிரான்சிஸ்டரில் அந்தப் பேச்சைக் கேட்டார்கள், தளபதிகளின் உத்தரவை மதிக்கவில்லை. நாலே நாளில் கலகம் முடிந்தது. அந்தப் பையன்களுக்கு ஊர் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். 1962 மார்ச்சில் எவியானில் ஒப்பந்தம், ஜூலையில் விடுதலை. ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் அந்த ஒரே வருடத்தில் கப்பலேறினார்கள். பிரான்ஸுக்காகப் பணிபுரிந்த அல்ஜீரியத் துணைப்படையினர் பலரை அது கைவிட்டுப் போனது. அவர்களுக்கு நேர்ந்தது மிகக் கொடூரம்.

போர்ச்சுகல் கதையை இரண்டே வரியில் சொல்லலாம். அங்கோலா, கினி பிசாவ், மொசாம்பிக் என்று மூன்று இடங்களில் 1961 முதல் போர் நடத்தி, கடைசியில் அந்தப் போரை நடத்திய அதிகாரிகளே 1974 ஏப்ரல் 25-ல் லிஸ்பனில் அரசைக் கவிழ்த்தார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் மூன்றும் சுதந்திர நாடுகள்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஒத்துழைப்பை நிறுத்துவது ஆயுதமாக வேண்டுமானால், ஆள்பவருக்கு அந்த ஒத்துழைப்பு தேவையாக இருக்க வேண்டும். உழைப்பு வேண்டாம், நிலம் மட்டும் போதும் என்று ஆள்பவர் நினைக்கும் இடத்தில் இது பலிக்காது. 1904-ல் இன்றைய நமீபியாவில் ஹெரேரோ மக்கள் கிளர்ந்தபோது ஜெர்மானியத் தளபதி ஃபான் ட்ரோத்தா அவர்களைப் பாலைவனத்துக்குள் துரத்தி, திரும்பி வருபவரைச் சுட உத்தரவிட்டார். அந்த இனத்தின் பெரும்பான்மையோர் அழிந்தார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்ததும் இதன் நீண்ட வடிவம்தான்.

காலமும் கூட்டாளியும் அமையாமல் போவதும் உண்டு. ஃபிலிப்பைன்ஸ் 1898 ஜூனில் ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் அறிவித்தது. அதே டிசம்பரில் ஸ்பெயின் அதை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் கைமாற்றிவிட்டது. அப்புறம் 1946 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுபக்கம், 1945-க்குப் பிறகு போராடியவர்களுக்குக் காற்று சாதகமாக வீசியது. இந்தோனேசியாவில் டச்சுப் படை 1948 டிசம்பரில் சுகர்ணோவையே சிறைபிடித்தது, தலைநகரைக் கைப்பற்றியது. ஆனால் போரில் நொறுங்கிய நெதர்லாந்து அமெரிக்க உதவியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உதவி நிற்கும் என்ற மிரட்டலும் ஐ.நா. அழுத்தமும் சேர, மறுவருடம் டிசம்பரில் ஆட்சியை ஒப்படைத்தது. 1960-ல் ஐ.நா. பொதுச்சபை காலனி ஆட்சியை ஒழிக்கக் கோரிய 1514-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியபோது ஒரு நாடுகூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஒன்பது நாடுகள் ஒதுங்கி நின்றன. வெளிப்படையாக ஆதரிக்க முடியாத சரக்காகப் பேரரசு மாறியிருந்தது.

இன்னொரு சங்கடமான உண்மை. பேரரசிலிருந்து பிரிவது எப்போதும் மக்களின் விடுதலை ஆகிவிடாது. 1965-ல் தெற்கு ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. காரணம்? கறுப்பினப் பெரும்பான்மைக்கு வாக்குரிமை கொடு என்று லண்டன் சொல்லிவிடுமோ என்ற பயம். பெருவில் 1780-ல் டூபாக் அமாரு தலைமையில் பூர்வகுடிகள் கிளர்ந்தபோது மிரண்டுபோன ஸ்பானிய வம்ச நிலவுடைமையாளர்கள், அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் மன்னரின் பாதுகாப்பை விட மனமில்லாமல் இருந்தார்கள். அந்தக் கண்டத்தில் பெரு தாமதமாக விடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடி ஏறிய பிறகும் கணக்கு முடிவதில்லை. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டக்காரர்களின் நஷ்டத்துக்கு ஈடாக ஹைத்தி 15 கோடி ஃபிராங்க் தந்தால்தான் அங்கீகாரம் என்றது. விடுதலையான அடிமைகள் தங்கள் பழைய முதலாளிகளுக்கு நஷ்டஈடு கட்டினார்கள். தொகையைப் பின்னர் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்களின் பாக்கி 1947-ல்தான் தீர்ந்தது. இந்தோனேசியாவின் தலையிலும் டச்சு நிர்வாகத்தின் கடன் 400 கோடி கில்டருக்கு மேல் ஏறியது. தன்னை அடக்க நடத்திய போரின் செலவும் அதில் அடக்கம். 1958-ல் பிரெஞ்சுக் காலனிகளுக்காக டி கோல் முன்வைத்த கூட்டமைப்பு வேண்டாம் என்று வாக்களித்த கினியிலிருந்து பிரெஞ்சு அதிகாரிகள் கோப்புகளையும் கருவிகளையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அல்ஜீரியாவுக்கு விடுதலை தந்த எவியான் ஒப்பந்தத்தின்படி பிரான்ஸ் சஹாராவில் 1966 வரை அணுகுண்டுச் சோதனை நடத்தியது. எல்லைகள் விஷயத்தில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் 1964-ல் கெய்ரோவில் கூடி, காலனியாட்சி போட்ட கோடுகளையே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். அபத்தமான கோடுகள்தான். ஆனால் மாற்றத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்ற பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்கள் பசிபிக்கில் இருக்கும் நியூ கலிடோனியாவைப் பார்க்கலாம். பிரான்ஸிடமிருந்து பிரிவதா என்று அங்கே மூன்று முறை வாக்கெடுப்பு நடந்தது. 2018-ல் 56.7 சதவீதமும் 2020-ல் 53.3 சதவீதமும் வேண்டாம் என்றார்கள். இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2021-ல், கொரோனாவில் இறந்தவர்களுக்கான துக்கக் காலம் முடியட்டும், தள்ளிவையுங்கள் என்று பூர்வகுடிகளான கனக் மக்களின் கட்சிகள் கேட்டன. பாரிஸ் கேட்கவில்லை. அவர்கள் புறக்கணித்தார்கள். 44 சதவீதம் பேர்கூட வாக்களிக்காத அந்தத் தேர்தலில் 96.5 சதவீதம் ‘வேண்டாம்’ என்று முடிவு வந்தது. 2024 மே மாதம் தலைநகர் நூமெயா எரிந்தபோது வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் விவாதத்தில் இருந்தது: பத்து வருடத்துக்கு மேல் அங்கே குடியிருப்பவர்களையும் மாகாணத் தேர்தல்களின் வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது. பட்டியலில் யார் சேர்கிறார்கள் என்பதை வைத்தே முடிவு எப்படி வரும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். குடியேறிகள் பற்றி மேலே அவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் இதுதான்.